நாலுகம்பியின் பச்சைக் கிட்டார்

என் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அவள் அம்மா மாதிரி, வாயைத் திறக்கமாட்டாள். கடைசிப் பெண் எங்கள் அத்தை மாதிரி, மூடமாட்டாள். நடுவுள்ளவள் யார் மாதிரியும் இல்லை. கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறாள்; சாயங்காலமானால் ஒரு இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். அதற்குத் தடித்தடியாக நாலே கம்பி. அதனால் வீட்டிலும் பட்டறையிலும் அவளுக்கு நாலுகம்பி என்றே பேர்.

அந்தக் கிட்டார் அவள் கைக்கு வரும்போதே பழசு. ஓரமெல்லாம் உதிர்ந்து, முன்பக்கம் எப்போதோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பிசுக்கு வேறு. குழுத்தலைவர் ஒருநாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: சனிக்கிழமை பெரிய மண்டபம், வீடியோ எடுக்கிறார்கள், இந்தக் கட்டையோடு மேடையேறினால் குழுவுக்கே அசிங்கம், பளபளவென்று கிட்டார் வைத்திருக்கும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று.

"வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு இதையே கொண்டு வரேன். பாத்துட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் துணி காயப்போடும் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். கிட்டாரின் கழுத்தைக் கழற்றி, கம்பி, திருகு எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டாள். உடம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கொடிக்கயிற்றில் தொங்கவிட்டாள். தூசி ஒட்டாமல் இருக்கச் சுற்றிலும் ஈரப் போர்வை. பெயிண்டுக்குக் கடைக்குப் போகவில்லை. சொந்தக்காரர் வண்டிக்கெல்லாம் அவள்தான் பெயிண்டர், மிச்சம் மீதி எப்போதும் இருக்கும். அவள் தாய்மாமன் வேனின் நீலம் இருந்தது. என் ஓரகத்தி மகனுடைய டாக்சியின் மஞ்சள் இருந்தது. அவன் பார்த்த சுவரிலெல்லாம் இடிக்கிறவன், அதனால் மஞ்சளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டையும் கலந்து துளி கறுப்பு விட்டாள். பச்சைப் பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்த மாதிரி ஒரு நிறம் வந்தது. துணியெல்லாம் வாசம் அடிக்கிறது என்று முணுமுணுத்த அவள் மாமியார், நிறம் ஏறியதும் தன் தையல் மிஷினுக்கும் ஒரு கை அடித்துத் தரச் சொன்னார்.

அவளுக்கு ஒரு பழக்கம். வெறும் இரும்பு கண்ணில் பட்டால் பூசாமல் விடமாட்டாள், துருப்பிடிக்குமாம். பட்டறையில் வயரிங் வேலை அவள் கொழுந்தனுக்கு. வண்டியில் எர்த் வயர் வெறும் இரும்பைத் தொட்டால்தான் கரண்ட் ஒழுங்காகப் போகும். இவள் அந்த இடத்தையும் பூசிவிடுவாள். "அண்ணி பூசுவாங்க, நான் சுரண்டுவேன், இதான் எங்க குடும்பத் தொழில்" என்று அவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் உறையைப் பிரித்தாள். தலைவர் சுற்றிச் சுற்றி வந்தார். ஒயரைச் சொருகினாள். ஸ்பீக்கர் தேன்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது.

"பாக்க ராணி மாதிரிதான் இருக்கு. வாயைத் திறந்தா இப்படியா" என்று தலைவர் போனை எடுத்து அந்த இன்னொரு ஆளின் நம்பரைத் தேட ஆரம்பித்தார்.

அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். கை பட்டால் அடங்க வேண்டிய இரைச்சல் அடங்கவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தவள், சிரித்துவிட்டாள். கம்பிகள் கீழே மாட்டியிருக்கும் இரும்புத் தகட்டுக்கு அடியில் ஒரு எர்த் வயர் நுனி உண்டு. தகட்டுக்கும் நுனிக்கும் சேர்த்துப் பூசியிருந்தாள். அந்தக் குழுவில் டிரம்ஸ் அடிப்பவர் அவள் வீட்டுக்காரர்தான். அவர் பெட்டியிலிருந்து திருப்புளியும் பிளேடும் வாங்கித் தகட்டைக் கழற்றினாள். அடிப்பக்கம் இரும்பு தெரிய, வயரில் செம்பு தெரிய, தான் பூசியதைத் தானே சுரண்டினாள்.

"உங்க தம்பி காதுக்கு இது போச்சுன்னா, அப்புறம் இருக்கு உங்களுக்கு."

வீட்டுக்காரருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. தகட்டை மாட்டிச் சுருதி சேர்த்து ஒயரைச் சொருகினாள். இரைச்சல் போன இடம் தெரியவில்லை. இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தலைவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை மேடையில் அவரே வந்து, இந்தப் பச்சை வீடியோவில் விழ வேண்டும், முன்னால் வந்து நில் என்றார். அதுவரை அவளுக்கு இடம் பின்வரிசை இருட்டுதான்.

"எனக்கு டிரம்ஸ் பக்கத்துல நின்னாத்தான் தாளம் கேக்கும்" என்றாள். "நீங்க லைட்டை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

திருப்பினார்கள்.