சோடா மூடியில் என் இடம்

காய்ந்த செம்மண் மேல் டேங்கர் தண்ணி விழும்போது ஒரு வாசனை வரும்... கட்கி கிரவுண்டில் சாயங்காலம் நாலரை மணி வாசனை அது. கூடவே ஹாக்கி ஸ்டிக்குகளில் தேய்த்த எண்ணெயின் வாசனை. இப்போதும் எங்காவது மண்ணில் தண்ணி தெளித்தால் என் கை தானாக மூடிக்கொள்கிறது, ஸ்டிக்கைப் பிடிப்பதுபோல.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. டிஸ்ட்ரிக்ட் டீம் கேம்ப்.

கோச் காளே சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. சட்டைப் பையில் சோடா பாட்டில் மூடிகள் வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டி, அதன்மேல் ஒரு பையனின் பெயர். பிராக்டிஸ் முடிந்ததும் சிமென்ட் பெஞ்சில் பரப்புவார். முன்னால் ஐந்து, நடுவில் மூன்று, பின்னால் இரண்டு, கடைசியில் கோல்கீப்பர். பேசமாட்டார். ஒன்றை நகர்த்துவார், பார்ப்பார், மறுபடி நகர்த்துவார். நாங்கள் சுற்றி நின்றுகொண்டு மூச்சைப் பிடித்துப் பார்ப்போம்.

என் மூடி எப்போதும் நட்டநடுவில். சென்டர் ஹாஃப்.

பள்ளிக்கூடத்திலிருந்தே அதுதான் என் இடம். டீமே என் ஸ்டிக்கிலிருந்துதான் ஓடுகிறது என்று நினைப்பு. கர்வம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

எனக்கு முன்னால் சென்டர் ஃபார்வர்டு, செல்வம். பக்கத்துப் பக்கத்து குவார்ட்டர்ஸ். இரண்டு பேர் அப்பாவும் ஒரே பேக்டரி, ஒரே ஷிஃப்ட். கிரவுண்டில் நாங்கள் தமிழில்தான் கத்துவோம். மராத்தி பேசும் எதிர் டீமுக்கு ஒன்றும் புரியாது. அதைப் பெரிய தந்திரம் என்று நினைத்திருந்தோம்.

ரைட் விங்கில் ஷிண்டே. ஒல்லி, காலெல்லாம் நீளம். கோட்டோரம் தனியாக நின்று கையைத் தூக்கி "இக்டே! இக்டே!" என்று கத்துவான். இங்கே, இங்கே என்று.

ஒரு ட்ரையல் மேட்ச். ஹாஃப் டைமில் காளே சார் செல்வத்தைக் கூப்பிட்டார். நான் நாலடி தள்ளி தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஷிண்டேவுக்கு ஏன் பாஸே போறதில்ல?" ஹிந்தியில் கேட்டார்.

செல்வம் என்னைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். அப்புறம் அவனும் ஹிந்தியில்தான் சொன்னான். "தமிழ்ல கூப்பிட்டாதான் மூர்த்தி குடுப்பான் சார்."

அவ்வளவுதான். சார் திட்டவில்லை. அன்று சாயங்காலம் பெஞ்சில் என் மூடியின்மேல் விரலை வைத்தார்... மெதுவாகப் பின்னால் இழுத்து, வலது மூலையில் விட்டார். ரைட் பேக்.

வீட்டுக்கு நடக்கும்போது செல்வம் பின்னாலேயே வந்தான்.

"இன்னாடா, கோச்சிக்கினியா? டீம்லதான இருக்க?"

"நீ எனக்காகப் பேசியிருக்கணும்."

"பொய் சொல்லச் சொல்றியா? மேட்ச் ஃபுல்லா கைய தூக்கிக்கினே நின்னான்டா அவன். எனக்கே பாவமா இருந்திச்சி."

நான் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. அவன் கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள். நான் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நாதஸ்வரம் கேட்காத அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ரைட் பேக்கில் நின்றால் எல்லோருடைய முதுகும் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், தப்பு நடந்தால் தவிர. எனக்கு நேர் முன்னால் ஷிண்டேவின் முதுகு. பந்தை அவனுக்குத்தான் அடித்தாக வேண்டும், வேறு வழியில்லை. மராத்தியில் கத்தக் கற்றுக்கொண்டேன். அங்கே நான் நன்றாக ஆடினேன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஷிண்டேவே சொல்லியிருக்கிறான். நான் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

இப்போது ஃபிளாட்டில் நான் ஒருவன்தான். மனைவி மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். ஏன் என்பது இங்கே வேண்டாம்.

போன மாதம் யாரோ பழைய டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்து என்னையும் சேர்த்தார்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் டர்ஃப் புக் பண்ணியிருக்கிறோம், யார் யார் எந்த பொசிஷன் என்று செல்வம் கேட்டிருந்தான். நான் "சென்டர் ஹாஃப்" என்று எழுதினேன். முப்பது வருடத்துக்கு அப்புறம் அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு. நீல டிக் விழுந்தது.

போனேன். சுற்றிலும் கம்பி வேலி, உள்ளே பிளாஸ்டிக் புல். தண்ணி தெளித்தார்கள், வாசனை எதுவும் வரவில்லை. வந்திருந்தது என்னையும் சேர்த்து நாலு பேர். அதில் கோல்கீப்பர் முட்டி ஆபரேஷன் ஆகி, உட்கார்ந்து பார்க்க நாற்காலியோடு வந்திருந்தான்.

"நாலு பேர்ல இன்னாடா சென்டரு, இன்னாடா ஹாஃபு? எங்க வேணா நில்லு, போ" என்றான் செல்வம். முடியெல்லாம் போய்விட்டது. சிரிப்பு அதே சிரிப்பு.

நான் நட்டநடுவில் போய் நின்றேன்.

"ஷிண்டே வரலையா?"

செல்வத்தின் சிரிப்பு நின்றது. "உனக்கு யாரும் சொல்லலியா? போன மழைக்கு முன்னாடியே போய்ட்டான்டா. ஹார்ட்டு."

யாரும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு நான் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தோம். பந்து என்னிடம் வந்தது. முன்னால் செல்வம் மூச்சிரைக்க ஓடிக்கொண்டே, "போடுடா மூர்த்தி, எனக்குப் போடு!" என்று கத்தினான். அதே தமிழ்.

வலது கோட்டோரம் காலியாகக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் அடித்தேன். பந்து யாரும் இல்லாத புல்லில் ஓடி, கோட்டைத் தாண்டி, வேலியில் மோதி நின்றது.

"யாருக்குடா அது?" என்றான் செல்வம்.

நானே நடந்துபோய் எடுத்துக்கொண்டு வந்தேன்.