பிடிக்காத ஏழு பலகைகள்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் எட்டுப் பலகை விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்தது சதுரங்கம் ஒன்றுதான். மற்ற ஏழும் பிடிக்காது. கேரம் பவுடர் எனக்குத் தும்மலைக் கொண்டுவரும். பரமபதத்தில் மூளைக்கு வேலை இல்லை, தாயக்கட்டைக்குத்தான் வேலை. காகித நோட்டை வைத்து வீடு வாங்கி விற்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதை முடித்து எழுந்தவர்களை நான் பார்த்ததில்லை, பாதியில் கோபித்துக்கொண்டு எழுந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஏழிலும் மிகவும் பிடிக்காதது, ஆறு முனை நட்சத்திரம் போட்ட பலகை. சைனீஸ் செக்கர்ஸ் என்று டப்பாவில் எழுதியிருக்கும். ஆறு முனைக்கும் ஆறு நிறம், நிறத்துக்குப் பத்துக் கோலி, மொத்தம் அறுபது. நம் முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் போய்ச் சேர வேண்டும். ஒரு குழி நகரலாம். பக்கத்தில் ஒரு கோலி இருந்து அதற்கு அந்தப் பக்கம் குழி காலியாக இருந்தால் தாவலாம், வழி கிடைக்கிறவரை தாவிக்கொண்டே போகலாம். அது யாருடைய கோலியாக இருந்தாலும் சரி. அவ்வளவுதான் விளையாட்டு. ராஜா கிடையாது. யாரும் யாரையும் வெட்டுவதும் கிடையாது.

நான் ஓய்வு பெற்ற நாளில் சக ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்த பரிசு அது. எனக்குச் சதுரங்கம் பிடிக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டப்பாவும் பலகையும் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று வாங்கப் போனவர் நினைத்துவிட்டார். அவர் வரலாறு வாத்தியார்.

வருடாவருடம் வெள்ளையடிக்கும்போது என் மனைவி அந்த மேல்தட்டைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"எட்டுல ஏழ நீங்க தொடுறதே இல்ல. பின்ன எதுக்கு இம்புட்டு எடத்த அடைச்சுக்கிட்டு?"

எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாத கேள்விகள் எனக்கு ஆகாது. அதனால் எரிச்சல்படுவேன். டப்பாக்களை இறக்கித் தூசி தட்டி, காய்களை எண்ணிப் பார்த்து, மறுபடி ஏற்றிவிடுவேன். நட்சத்திரப் பலகையின் அறுபது கோலியும் ஒவ்வொரு வருடமும் சரியாக இருந்தன. தொட்டால்தானே தொலைவதற்கு?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது என் மகளின் கல்யாணப் பேச்சில்.

எங்களுக்கு ஒரே மகள். எனக்கு நாற்பது வயதில் பிறந்தவள். நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டிலிருந்து பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குத்தான் வேலைக்குப் போகிறாள், நூலகத்தில். அங்கேயே கணினிப் பிரிவில் இருக்கும் பையனை மூன்று வருடங்களாகப் பிடித்திருக்கிறது. நல்ல பையன். வேலை சரி, வயது சரி, இரண்டு குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் அவர்கள் கத்தோலிக்கர்கள், நாங்கள் சீர்திருத்த சபை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எங்களுக்கோ, கல்யாணம் எந்தப் பீடத்தின் முன்னால் நடக்கும் என்ற ஒரு கேள்வியிலேயே எல்லாம் நின்றுவிட்டது. நான் எங்கள் சர்ச் என்றேன். அவனியாபுரத்தில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் பையனின் அப்பா, அவர்கள் கோயில் என்றார். ஐந்து முறை போனில் பேசினோம். ஐந்தாவது முறை அவர் சொன்னார்:

"வெள்ளிக்கெழம நேர்ல வாரோம் சார். அன்னைக்கு முடிவாகலன்னா இந்தப் பேச்ச இத்தோட விட்ருவோம். புள்ளைகள இன்னும் எத்தன வருசம் இழுக்கிறது?"

அதைக் கேட்ட மகளின் தட்டில் அன்று இரவு போட்ட மூன்று இட்லியும் அப்படியே இருந்தன.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். அப்பா, அம்மா, பையன். என் மனைவி காலையிலிருந்து சமையலறையில் நின்று மட்டன் கட்லெட் செய்திருந்தாள். ஆறு பேருக்கு ஆளுக்கு நான்கு என்று இருபத்துநான்கு. தட்டைக் கொண்டுவந்து பையனின் அம்மா முன்னால் வைத்தாள். அந்த அம்மா தட்டைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"தவக்காலத்துல வெள்ளிக்கெழம நாங்க கறி தொடுறதில்லங்க."

ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எங்களுக்கும் அது லெந்து காலம்தான். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போவோம், முடிந்ததும் வீட்டுக்கு வந்து எது இருக்கிறதோ சாப்பிடுவோம். அவர்கள் அன்றைக்குக் கறி தொடமாட்டார்கள் என்பது எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூட நினைவில் வரவில்லை. கத்தோலிக்க வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம்.

"உருளக்கெழங்கும் போட்ருக்கு அதுல" என்றாள் என் மனைவி, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல்.

யாரும் சிரிக்கவில்லை. இருபத்துநான்கு கட்லெட்டும் மேசை நடுவில் ஆறிக்கொண்டிருந்தன. அந்த அம்மா தங்களை வேண்டுமென்றே சீண்டியதாக நினைத்தார். என் மனைவியோ, தன் கைப்பக்குவத்தை முகத்துக்கு நேரே தள்ளியதாக நினைத்தாள். இந்த லட்சணத்தில் நானும் பையனின் அப்பாவும் பீடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம். ஒரு மணி நேரம் பேசி, போனில் சொன்னதையே இருவரும் நேரில் சொல்லி முடித்தோம்.

அவர் எழுந்தார். "சரி சார். வாரோம்."

என் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பையன் தரையைப் பார்த்தான்.

அப்போதுதான் மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. கோடை மழை எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு வராது. அவர்கள் வாசல்படியைத் தாண்டுவதற்குள் ஆலங்கட்டியோடு கொட்டத் தொடங்கிவிட்டது. எதிர்வீட்டு வேப்பமரத்தின் கிளை ஒன்று முறிந்து, காருக்குப் பின்னால் தெருவை அடைத்து விழுந்தது. எங்கள் தெரு முட்டுச்சந்து. வேறு வழியில்லை. மின்சாரமும் போய்விட்டது.

ஆறு பேரும் மறுபடி உள்ளே வந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்த ஆறு நாற்காலியில் உட்கார்ந்தோம். மின்விசிறி இல்லை, டிவி இல்லை, பேச்சும் இல்லை. நான் கட்லெட்டுகளை எண்ணினேன். நாற்காலிகளை எண்ணினேன். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால், மழை விட்டதும் இவர்கள் போய்விடுவார்கள், மறுபடி வரவே மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் இருக்கும்போதே ஏதாவது செய்தாக வேண்டும்.

"செஸ் ஆடுவீங்களா?" என்றேன் பையனின் அப்பாவிடம்.

"குதிரை எந்தப் பக்கம் திரும்பும்னே நமக்குத் தெரியாது சார்."

ஆடினாலும் இரண்டு பேர்தான். மீதி நான்கு பேர் சும்மா இருப்பார்கள். கேரம் என்றால் நான்கு பேர். மீதி இரண்டு பேர் யார்? இரண்டு அம்மாக்கள், நடுவில் கட்லெட் தட்டு. அது நடக்கக் கூடாது. ஆறு பேருக்கு ஒன்று வேண்டும். ஆறு பேருக்கு என் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

"என்னங்க, இந்நேரத்துல கோலி வெளாட்டா?" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

பலகையை மேசையில் வைத்தேன். கட்லெட் தட்டு சமையலறைக்குப் போனது, முதல் லாபம் அதுதான். வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்தோம். உட்கார்ந்திருந்த வரிசையிலேயே நிறம் பிரித்தேன். என் பக்கத்தில் மனைவி, அவளுக்குப் பக்கத்தில் பையனின் அம்மா, எனக்கு நேர் எதிரே அவன் அப்பா. விதியை இரண்டு முறை சொன்னேன்.

"ஒருத்தனையும் வெட்ட முடியாதா?" என்றார் அவன் அப்பா. "பின்ன இதென்ன சார் வெளையாட்டு?"

அன்றைக்கு முதல்முறையாக அவரோடு நான் ஒத்துப்போனேன்.

முதல் இரண்டு சுற்று மரியாதையாகப் போனது. யாரும் யாருடைய கோலியின் மேலும் தாவவில்லை, தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று. மூன்றாவது சுற்றில் என் மகள் அவன் அப்பாவின் சிவப்புக் கோலி மேல் ஏறி நான்கு குழி தாவினாள். "அடி ஆத்தி!" என்றார் அவர். அதற்குப் பிறகு மரியாதை போய்விட்டது.

எனக்கும் அவருக்கும்தான் பெரிய சண்டை. நான் அவர் முனைக்குப் போக வேண்டும். அவரோ இரண்டு கோலியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வெளியே எடுக்க மறுத்தார்.

"காலி பண்ணாம வச்சிருந்தா நான் எப்படி உள்ள வர்றது?"

"பண்ணணும்னு விதி இருக்கா சார்? டப்பாவுல காட்டுங்க."

"விதி இல்லைன்னா நியாயம் இல்லையா?"

"பட்டறைக்காரன் எடத்த விட்டா அடுத்த நாளே ஒருத்தன் கடை போட்ருவான் சார்."

"அப்பா, எடுங்கப்பா! சார் அழுதுருவாரு" என்றான் பையன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்கு நிஜமாகவே கோபம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் பீடத்தைப் பற்றிப் பேசியபோது இருந்த முகம் இல்லை அது. திருட்டு மாங்காய் தின்கிற பிள்ளையின் முகம்.

மழை விட்டிருந்தது. யாரோ கிளையை வெட்டி இழுக்கும் சத்தம் தெருவில் கேட்டது. எழுந்திருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் என் மனைவி ஜெயிக்கிற நிலையில் இருந்தாள். அவளுடைய ஒன்பது கோலி பையனின் முனைக்குள் போய்விட்டன. பத்தாவது மட்டும் இந்தக் கோடியில் கிடந்தது. ஆனால் அதற்கு முன்னால் பலகையின் குறுக்கே ஒரு பாதை விழுந்திருந்தது, ஒரு கோலி ஒரு குழி, ஒரு கோலி ஒரு குழி என்று. அந்தப் பாதையில் முதல் கோலி பையனின் அம்மாவுடைய மஞ்சள். ஆட்டமும் அவருடையது. அவர் கை மஞ்சளை நோக்கிப் போனது.

"சம்பந்தியம்மா, அத எடுத்துராதீங்க!" என்று கத்தினாள் என் மனைவி. "அதுமேலதான் நான் தாவணும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பேச்சு முடிவதற்கு முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. பிடிக்காதவர்கள் அதையே பிடித்துக்கொண்டு எழுந்து போய்விடலாம். என் மகள் அந்த அம்மாவையே பார்த்தாள்.

அந்த அம்மா கையை மஞ்சள் கோலியின் மேலேயே வைத்திருந்தார். பிறகு எடுத்தார். ஓரத்தில் கிடந்த வேறொரு கோலியை ஒரு குழி நகர்த்தினார்.

"எடுக்கல சம்பந்தியம்மா" என்றார். "தாவுங்க."

மற்றவர்கள் என்ன நகர்த்தினார்கள் என்று எனக்கு நினைவில்லை, பாதையை மட்டும் யாரும் தொடவில்லை. என் மனைவி தாவினாள். நான் உரக்க எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மஞ்சள் மேல், என் கோலி மேல், பையனின் அப்பா கோலி மேல், பிள்ளைகளின் கோலி மேல். ஏழாவது தாவலில் பையனின் முனையில் கடைசிக் குழி நிறைந்தது. பையன் கை தட்டினான், தன் முனையை இழந்தவன் அவன்தான்.

ஜெயித்த சூட்டோடு என் மனைவி பேசினாள். அவளிடம் அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"நிச்சயம் எங்க சர்ச்சுல. கல்யாணம் உங்க கோயில்ல. கல்யாண ஓலை ரெண்டு எடத்துலயும் வாசிக்கட்டும். எங்க போதகரும் உங்க கோயிலுக்கு வந்து ஒரு ஜெபம் சொல்லட்டும். சரியா?"

"எனக்குச் சரி" என்றார் பையனின் அம்மா. "ஃபாதர்ட்ட நான் பேசிக்கிறேன்."

"நாங்க ஒரு மணி நேரமாப் பேசி முடியல..." என்று இழுத்தார் அவர் கணவர்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுனீங்க. எங்களக் கேட்டீங்களா?" என்றார் அந்த அம்மா.

பையனின் அப்பா என்னைப் பார்த்தார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு நான்கு ஆட்சேபணைகள் இருந்தன. நான்கும் நல்ல ஆட்சேபணைகள், வரிசையாகவே வைத்திருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். ஆறு நாற்காலியிலும் ஆறு பேர், எழுந்து போக அவசரமில்லாதவர்கள்.

"சரி" என்றேன். "மாப்ள, காபி குடிக்கிறீங்களா?"

பையன் நிமிர்ந்து பார்த்தான். அதுவரை அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"கறி என்னைக்கு?" என்றார் அவன் அப்பா. "கட்லெட் வாசம் இன்னும் வருது சார்."

"ஈஸ்டர் முடியட்டும், வேணும்ங்கிற அளவுக்குப் போடுறேன்" என்றாள் என் மனைவி. "வெள்ளிக்கெழம மட்டும் வந்துராதீங்க."

இப்போது அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. பிடித்த விளையாட்டை நமக்காக வைத்துக்கொள்கிறோம். மற்றவற்றை, யார் வருவார்கள் என்று தெரியாத ஒரு நாளுக்காக வைத்துக்கொள்கிறோம். வருகிறவருக்குச் சதுரங்கம் தெரியாமல் இருக்கலாம். இரண்டு பேராக வராமல் ஆறு பேராக வரலாம். தோற்கப் பிடிக்காதவராக இருக்கலாம். நமக்கு ருசிக்கவில்லை என்பதற்காக அவர்கள் உட்கார வேண்டிய நாற்காலியை நாம் விற்றுவிட முடியாது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "அன்னைக்கு மட்டும் வேற பலகையா இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா?" என்றாள். அவள் அதைப் புரிந்துகொண்ட விதம் அது.

ஈஸ்டர் முடிந்ததும் நிச்சயம் நடந்தது. அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச்சில், கல்யாணத்தைச் சபைக்கு அறிவிக்கும் முதல் ஓலையை வாசித்தார்கள். போதகர் என் மகள் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் ஊரையும் படித்தார். படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்றார். மைக் சத்தத்தில் தொடங்கிப் பிரசங்கத்தின் நீளம் வரை அந்தச் சர்ச்சில் நான் ஆட்சேபிக்காத விஷயம் குறைவு. முன்வரிசையில் மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின, பழக்க தோஷம்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.