ஆளுக்கொரு நாள் ஒத்திகை

என் அக்காவுக்கு நகராட்சியில், பேரிடர் பிரிவில் வேலை. வேலை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. வெள்ளம் வந்தால் இடமும் கரண்டும் கொடுத்து ஊருக்குக் கைகொடுக்கச் சொல்லித் தனியார்காரர்களைக் கெஞ்ச வேண்டும். ஐஸ் கம்பெனி, சினிமா தியேட்டர், குழந்தைகள் ஆஸ்பத்திரி, தனியார் பள்ளிக்கூடம் என்று கால் தேய அலைந்தாள். முதலாளிகள் வாய் நிறையச் சரி சொல்வார்கள். தேதி கேட்டால் நழுவிவிடுவார்கள்.

வெள்ள ஒத்திகைக்கு எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்க அவள் பட்ட பாடு நாய் படாது. தியேட்டரில் புதுப்படம், பள்ளியில் பரீட்சை, ஐஸ்காரருக்கு வெயில் காலம். கடைசியில் அலுத்துப்போய், "அவங்கவங்களுக்குத் தோதான நாள்ல நடத்திக்கலாம்" என்று விட்டுக்கொடுத்தாள். மேலதிகாரிக்கும் அதுதான் வசதி, ஒவ்வொரு இடத்திலும் தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

எல்லா ஒத்திகையும் அமோகமாக நடந்தது. கரண்டை நிறுத்தியதும் ஜெனரேட்டர் வண்டி வந்தது, விளக்கு எரிந்தது, கைதட்டினார்கள். அது வாடகை வண்டி என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் அத்தனை பேரும் ஒரே ஆளிடம்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள், அவரிடம் இருப்பதே ஒரு வண்டிதான் என்பது தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு டிரைவர் வேறு வந்திருந்தான். யாருக்குச் சந்தேகம் வரும்?

எங்கள் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் மூச்சு விட முடியாது. மழை வலுத்ததும் அக்கா போன் செய்தாள்.

"வீட்டுல கரண்ட் போயிடும்டா. அம்மாவப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ. அங்க ஜெனரேட்டர் வந்துடும், நானே பாத்திருக்கேன்."

"ஆமா, உங்க திட்டத்த நம்பித்தான் ஊரே உயிரோட இருக்கு" என்றேன். ஆனாலும் கூட்டிப் போனேன்.

மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்காரர் அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறார். "எல்லாரும் ஒரே நேரத்துல கேக்குறாங்கம்மா. இருக்கறது ஒரு வண்டி. எங்க அனுப்ப, நீங்களே சொல்லிடுங்க."

ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் பச்சைக் குழந்தைகள். அங்கே பேட்டரியும் தீர்ந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிவிட்டு எனக்குப் போன் செய்தாள்.

"வண்டி அங்க வராதுடா."

"அம்மா இங்கதான் இருக்காங்கன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அம்மா கைய விட்டுடாத."

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் போனை வைக்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கையோடு கொண்டுபோன சின்ன சிலிண்டர் கொஞ்ச நேரம் தாங்கியது. அதற்குள் பள்ளித் தெருவில் கழுத்தளவு தண்ணீர் ஏறிவிட்டது, உதவிக்கு ஒருவரும் வர முடியவில்லை. இருட்டுவதற்குள் அம்மா அடங்கிவிட்டாள். வகுப்பறை பெஞ்சில் படுக்க வைத்திருந்தோம்.

தண்ணீர் வடிந்த பிறகுதான் அக்காவால் வர முடிந்தது. சேறு காயாத புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக் குழந்தைகள் எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொன்னாள்.

"இன்னும் திட்டணும்னா திட்டுடா."

எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை.

"நீ செஞ்சது சரிதான்க்கா" என்றேன்.

"சரின்னு எனக்குத் தெரியாதாடா? சரியா செஞ்சும் அம்மா போயிட்டாங்களே."