முதல் பஸ்ஸுக்கு முந்திய சைக்கிள்

தையல்காரரின் மனைவி சைக்கிள் கற்றுக்கொண்டது முப்பத்தெட்டு வயதில். அந்த ஊரில் அந்த வயதுக்குள் ஆண்களே சைக்கிளை விற்றுத் தலைமுழுகிவிடுவார்கள். ஊர் அப்படிப்பட்ட ஊர். ஏறினால் மூச்சு வாங்கும், இறங்கினால் முட்டி கழன்றுவிடும், சமதரை என்று சொல்லிக்கொள்ளப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான் உண்டு. போதாக்குறைக்கு மழை. குளிர்காலம் நாலு மாதமும் விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். துவைத்துப் போட்ட துணி காய்வதற்குள் அடுத்த அழுக்குமூட்டை சேர்ந்துவிடும்.

அந்த அம்மாவுக்கு மலையடிவாரத்துக் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. நடக்கத் தெரிந்தும் நிற்கத் தெரியாத பதினெட்டு வாண்டுகளுக்கு அவர் டீச்சர். அதனால் ஊருக்கே டீச்சர். காப்பகத்தின் சாவி அவரிடம்தான் இருந்தது. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்க வேண்டும். வீடோ மலை உச்சியில், மூன்றாவது மாடியில். போகும்போது மூன்று கிலோமீட்டர் இறக்கம், வரும்போது அதே மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பதினோரு குளிர்காலம் அவர் இப்படிப் போய் வந்திருக்கிறார். ஒரு நாள்கூட ஏழு மணி தாண்டிக் கதவு திறந்ததில்லை.

விழாமல் கற்றுக்கொண்டார் என்று சொன்னால் அது பச்சைப் பொய். முதல் குளிர்காலத்தில் மட்டும் ஐந்து முறை விழுந்தார். ஆனால் விழுந்த இடத்தில் எழுந்து, முட்டியைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். ஈர இலையா, சாக்கடை மூடியா, ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடா? எது வழுக்கியதோ அதை மனதில் குறித்துக்கொள்வார். ஒரே பொருளில் இரண்டாம் முறை விழுந்ததே கிடையாது. அதோடு இன்னொரு பழக்கம். ஒவ்வொரு இறக்கத்தின் தலையிலும் இறங்கி நின்று, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, சைக்கிளை முன்னால் தள்ளிப் பார்ப்பார். சக்கரம் நகரக் கூடாது. நகராவிட்டால்தான் ஏறி உட்காருவார். வழியில் ஆறு இறக்கம், ஆறு தடவை. நல்ல வெயில் நாளிலும் இதே கதைதான். எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர், "என்ன டீச்சர், சைக்கிளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று தினமும் கேட்பார். "இல்லன்னு தெரிஞ்சிக்கத்தான் பாக்கறேன்" என்று டீச்சரும் தினமும் சொல்வார்.

தையல்காரருக்கு மட்டும் இந்தச் சைக்கிள் ஆகவே ஆகாது. ஆகாதே தவிர, அவர் கை சும்மா இருக்காது. குடைத் துணியில் மனைவிக்கு மழைக்கோட்டு தைத்தார். முதல் கோட்டு காற்றில் பலூனாக உப்பி டீச்சரைச் சைக்கிளோடு ஓரங்கட்டியது. இரண்டாவது அக்குளில் கிழிந்தது. மூன்றாவதில் கட்டைவிரலை மாட்டிக்கொள்ள வளையம் வைத்து, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையும் தைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னாரா என்றால், அதுதான் இல்லை. "போட்டுத் தொலை" என்றார்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் முழங்கை சிராய்த்துக்கொண்டு வந்தார். ஏதோ ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டதாம். ஞாயிறு மதியம் தையல்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"மழை முடியற வரைக்கும் பஸ்ல போ."

"முதல் பஸ் இங்கேருந்து ஏழே காலுக்குத்தான் கிளம்புது."

"கொஞ்சம் லேட்டா திறந்தா என்ன குடி முழுகிடும்?"

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த முதல் பஸ்ஸை ஓட்டறவளே என்கிட்டதான் குழந்தையை விட்டுட்டு டிப்போவுக்குப் போறா. நான் கீழே போய்த் திறந்தாத்தான் பஸ்ஸே மேல வரும். அப்புறம் அந்த பஸ்ல நான் எப்படிங்க கீழே போறது?"

நியாயமான கேள்வி. நியாயமாகப் பதில் இல்லாதபோது மனுஷனுக்கு வாய் நீளும். "ஒரு நாள் இல்ல ஒரு நாள் விழுந்து கையக் கால ஒடச்சிக்கத்தான் போற. அப்பதான் உனக்குப் புத்தி வரும்" என்றார் தையல்காரர்.

டீச்சர் சிரிப்பை நிறுத்தினார். தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

சொன்ன வாயை ஊசி நூல் கொண்டு தைத்துக்கொள்ளலாமா என்று இருந்தது தையல்காரருக்கு. மன்னிப்புக் கேட்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அதனால் கீழே இறங்கிப் படிக்கட்டுக்கு அடியில் நின்ற சைக்கிளை எடுத்தார். சேறு போகத் துடைத்தார். அவர் தையல் மெஷினை வாரா வாரம் கவனிக்கிற விதம் ஊரறிந்தது: முதலில் தூசி தட்டல், பிறகு ஓட்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய், கடைசியில் எண்ணெய்த் துணியால் மின்னுகிற இரும்பை எல்லாம் ஒரு தேய்ப்பு. முப்பது வருஷமாக ஒரு பொட்டுத் துரு ஏறியதில்லை. அதே மெஷின் எண்ணெய், அதே துணி, அதே கவனிப்பு சைக்கிளுக்கும் நடந்தது. செயினுக்குப் போட்டார், கியருக்குப் போட்டார். இரண்டு சக்கரத்தின் ரிம்மையும் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். காலையில் பார்த்தால் அவளுக்கே புரியும் என்று நினைத்துக்கொண்டார்.

ராத்திரி திரும்பி வந்த டீச்சர், திங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பினார். தையல்காரர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, தூங்குகிற பாவனையில் கிடந்தார். ஜன்னலுக்குப் போயிருக்கலாம், ரோஷம் விடவில்லை.

ஏழு மணியைத் தாண்டி, கிழிந்த ஜிப்பை மாற்றக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க, பக்கத்துத் தெரு சைக்கிள் கடைக்காரர் வந்தார். தையல்காரருக்குப் பெருமை அடிக்க ஆள் கிடைத்தது.

"நேத்து உங்க வேலையை நான் பாத்துட்டேன். டீச்சர் வண்டியைத் தொடச்சி, எண்ணெய் போட்டு, ரிம்மெல்லாம் பளபளன்னு ஆக்கிட்டேன்."

ஜாக்கெட்டில் கை நுழைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் அப்படியே நின்றார். "ரிம்முக்கு என்ன போட்டீங்க?"

"எண்ணெய்தான். துரு பிடிக்காம இருக்க."

"அண்ணே, பிரேக் ரப்பர் போய்ப் பிடிக்கறதே அந்த ரிம்மைத்தான். அதுல எண்ணெய் பட்டா என்ன அழுத்தினாலும் நிக்காது."

தையல்காரர் போனை எடுத்து மனைவியை அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காப்பகத்தை அழைத்தார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. கடைக்காரர் ஏதோ சொல்லச் சொல்ல, வீட்டுச் செருப்போடு மாடிப்படியில் இறங்கிவிட்டார். குடை எடுக்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஒரு கூட்டமே நின்று திட்டிக்கொண்டிருந்தது. ஏழே கால் பஸ் ஏழரை ஆகியும் வரவில்லை. இரண்டு நிமிஷம் நின்று பார்த்தார், முடியவில்லை, ஓட ஆரம்பித்தார். ஐம்பத்தாறு வயது, உட்கார்ந்தே தைத்த உடம்பு. முதல் இறக்கம், ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. மூன்றாவது இறக்கம் தபால் ஆபீஸ் சுவரில் போய் முட்டுகிற மாதிரித் திரும்பும். அந்தத் திருப்பத்தில் நாலைந்து பேர் குனிந்து எதையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். தையல்காரரின் கால் அங்கேயே நின்றுவிட்டது. கிட்டே போகத் தைரியம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. குப்பைத்தொட்டி கவிழ்ந்துடுச்சு."

"சைக்கிள்ல ஒரு அம்மா... முதுகுல மின்னுற பட்டை வச்ச கோட்டு..."

"டீச்சரா? அப்பவே போயிட்டாங்களே. இன்னிக்கு என்னவோ வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்து போனாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததும் இன்னொரு பயத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது. நேற்று மதியம், விழுந்தால்தான் புத்தி வரும் என்று சொன்னது யார்? இன்று காலை பிரேக் பிடிக்காமல் செய்து வைத்தது யார்? இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எந்த மனைவிக்கும் என்ன தோன்றும்? மீதி வழி முழுக்க இதே நினைப்பு. பாதியில் அந்த முதல் பஸ், மேலே போகிற அவசரத்தில், குட்டையில் கிடந்த தண்ணீரை எல்லாம் அவர் மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது.

காப்பகத்தின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில், சைக்கிள் தலைகீழாக நின்றது. டீச்சர் கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, வெந்நீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் போட்டு ரிம்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆயாவிடம் விட்டிருந்த வாண்டுகள் போட்ட கூச்சலில் எந்த மணியும் கேட்டிருக்காது. சொட்டச் சொட்ட நிற்கிற கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"குடை எங்கே?"

"நான் வேணும்னு பண்ணல" என்றார் தையல்காரர். குரல் உடைந்துவிட்டது. "சத்தியமா வேணும்னு பண்ணல. நேத்து நான் சொன்னதுக்கும் இதுக்கும்..."

டீச்சர் தேய்ப்பதை நிறுத்தினார். "வேணும்னு பண்றதுக்கு முதல்ல சைக்கிளைப் பத்தி ஏதாவது தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு என்ன தெரியும்? பெல் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முழிப்பீங்க."

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"வாசல்லயே பிரேக்கைப் பிடிச்சுத் தள்ளினேன். அது பாட்டுக்குப் போச்சு. ரிம்மைத் தொட்டு மோந்து பாத்தேன். உங்க மெஷின் எண்ணெய் வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்ப மேல வந்து என்னை நாலு வாங்கு வாங்கியிருக்கலாமே."

"வந்து சொல்லியிருந்தா இன்னிக்குப் பூரா சாப்பிடாம உக்காந்திருப்பீங்க. நேரமும் இல்ல. நடந்தேன்." சொல்லிவிட்டு டீச்சர் மறுபடி ரிம்மைப் பார்த்தார். "இருபது நிமிஷம் லேட். அஞ்சு குழந்தைங்க மழையில நின்னுதுங்க. பஸ் ஓட்டறவ அழாத குறைதான்."

பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அவர் திட்டியிருந்தால்கூடத் தையல்காரருக்குத் தேவலை என்று இருந்திருக்கும். "அவங்ககிட்ட என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"பிரேக் சரியில்ல, என் தப்புதான்னு சொன்னேன்."

குழந்தைகளின் கைவேலைச் சாமான் அலமாரியில் இருந்த உப்புத்தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு தையல்காரர் கீழே உட்கார்ந்தார். பிரேக் ரப்பரை எப்படித் தேய்க்க வேண்டும் என்று டீச்சர் காட்டிக் கொடுத்தார். எண்ணெய் ஊறிய மேல்தோல் போகும்வரை தையல்காரர் தேய்த்தார். ரிம்மை மூன்று முறை கழுவினார். கடைசியில் டீச்சர் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, "தள்ளுங்க பாக்கலாம்" என்றார். தையல்காரர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். சக்கரம் அசையவில்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறை தள்ளினார்.

ஈரச் சட்டையோடு அப்போதே அனுப்ப டீச்சருக்கு மனம் வரவில்லை. ஹீட்டர் பக்கத்தில் உட்கார வைத்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன், மாட்டியிருந்த பதினெட்டு குட்டிக் கோட்டுகளிலும் ஆடிக்கொண்டிருந்த பொத்தான்களை எல்லாம் இறுக்கித் தைத்து முடித்தபோது சாயங்காலம் ஐந்து மணி.

டீச்சர் சைக்கிளில் ஏறினார். தையல்காரர் பஸ்ஸில் ஏறினார். ஏற்றம் குறுகுகிற இடத்தில் பஸ் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. பதினோரு வருஷமாக மனைவி கிளம்புவதையும் வந்து சேர்வதையும்தான் அவர் பார்த்திருக்கிறார். நடுவில் நடப்பதை இன்றுதான் பார்த்தார். முகத்தில் அறையும் மழையில், கட்டைவிரலில் மாட்டிய வளையத்தோடு, டீச்சர் ஒரே சீராக மிதித்தார். சாக்கடை மூடி வந்தால் ஒரு சாண் விலகினார், வெள்ளைக் கோட்டை நேராகக் கடந்தார், எழுந்து நின்று மிதிக்கவில்லை, ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஓட்டுநர் ஹாரன் அடிக்காமல் பொறுமையாகப் பின்னாலேயே வந்தார். அந்தப் பட்டை பஸ் வெளிச்சத்தில் மின்னிக்கொண்டே ஏறியது. எப்பேர்ப்பட்ட பொம்பளை இவள், என்னத்தைப் போய் நான் சொன்னேன் என்று நினைத்தார் தையல்காரர்.

பக்கத்து சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த அம்மா எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார். "இந்த மழையில, இந்த வயசுல, சைக்கிளா? வீட்டுல கேக்க ஆளே இல்லையா இந்தம்மாவுக்கு?"

தையல்காரர் கண்ணாடியில் படிந்த ஆவியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இருக்கான். நான்தாங்க அது. கேட்டுப் பாத்தேன். இன்னிலேருந்து பிரேக் தொடைக்கிற வேலைதான் எனக்கு."