தூக்குப்போசி வாங்கிட்டுச் சொன்ன விலை

இன்னைக்குக் காலேஜ் பொண்ணு ஒண்ணு, படிப்புக்குக் கணக்கெடுக்கறேன்னு எங்க காட்டுக்கு வந்துச்சு. வந்ததும், சோறு கொண்டுபோற புது எவர்சில்வர் தூக்குப்போசி ஒண்ணைக் கையில குடுத்துச்சு.

அப்புறம்தான் கேள்வி. "மழை குறைஞ்சுட்டே போகுது. சொட்டுநீர்க் குழாய் போட ஏக்கருக்கு எவ்வளவு தருவீங்கம்மா?"

கைநீட்டி வாங்கிட்டு எப்படிக் கம்மியாச் சொல்றது? "அஞ்சாயிரம் தாரனுங்க"ன்னு சொல்லிப்போட்டேன். எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கிச்சு.

எங்க ஊட்டுக்காரர் தவறி ரெண்டு மாசம்தான் ஆச்சு. விலை பேசறதெல்லாம் அவர்தான்.

"ஏனுங்க அம்மணி, பணத்துக்கு எப்ப வருவீங்க?"ன்னு கேட்டேன்.

"யாரும் வரமாட்டாங்க, சும்மா கேள்விதான்."

சும்மா கேட்க எதுக்குக் கையெழுத்து? காட்டை எடுத்துக்குவாங்களோன்னு பத்திரத்தை எடுத்து வெச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

உங்க ஊட்டுக்கும் இப்படி வந்தாங்கன்னா, முதல்ல கேள்வி என்னன்னு கேட்டுப்போட்டு அப்புறம் போசிக்குக் கையை நீட்டுங்க. ஏற்கெனவே வந்துட்டாங்கன்னா, நீங்க எவ்வளவு சொன்னீங்க?