இரண்டு பேருக்கு அளந்த வண்டி

இது நடந்ததுதான். சாட்சி வேண்டுமென்றால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர், திண்டிவனத்தில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கும் ராயப்பன். இன்னொருவர், காணைக்கு அந்தப் பக்கம் ஓடை தாண்டியிருக்கும் ஊரில் வாழும் அஞ்சம்மாள். இருவரும் இன்றுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பேசி வைத்துக்கொண்டு பொய் சொல்ல வழியே கிடையாது.

அஞ்சம்மாளின் மருமகன் தென்னரசு. வயது இருபத்தொன்பது. பி.எஸ்சி. இயற்பியல். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் ஒரு பிக்கப் வாங்கி, பொம்மையார்பாளையத்திலிருந்து விழுப்புரத்துக்கு மீன் ஓட்டிக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் அவன் மனைவி கலைப்பிரியா, பிள்ளை பெற்ற இருபதாம் நாள், தாய் வீட்டில் ஜன்னி கண்டு விழுந்தாள். அன்று அவனும் அங்கேதான் இருந்தான். ஓடையில் வெள்ளம். ஆம்புலன்ஸ் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டது. அவளைத் தூக்கித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு தரைப்பாலத்தில் இறங்கினான். பாரம் தாங்குவதற்காகப் பின்பக்கம் உயர்த்திய வண்டி, மூக்கு தாழ்ந்திருந்தது. நடுப்பாலத்தில் என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி நின்றுபோனது. இடது பக்க இருக்கையில், அவன் தோளில் சாய்ந்தபடியே அவள் போய்ச் சேர்ந்தாள்.

பாலம் கட்டித் தருகிறோம் என்று ஓட்டுக் கேட்டவர்கள் துக்கத்துக்கும் வந்தார்கள். பெரிய பெரிய மாலையாகப் போட்டார்கள். பாலம் மட்டும் வரவில்லை.

குழந்தை ரோஜா பாட்டியிடமே தங்கிவிட்டது. கேட்கப் போகும்போதெல்லாம் அஞ்சம்மாள் அவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"எம் பொண்ண தண்ணில வுட்டவன்கிட்ட பேத்தியையும் குடுக்கவா? தண்ணில நிக்காத வண்டி ஒண்ணு கொண்டா மாப்ள. அப்பறம் பாக்கலாம்."

குத்திக் காட்டத்தான் சொன்னாள். அவன் அதையே பிடித்துக்கொண்டான். மகளை வாங்க அதுதான் வழியென்றால் அப்படியே ஆகட்டும்.

ராயப்பன் முன் ஸ்பிரிங்கில் கூடுதலாகப் பட்டை சேர்த்து மூக்கைத் தூக்கி, பின்பக்கத்துக்குச் சமமாக்கினார். பெரிய டயர் நான்கும் மாட்டினார். அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காலி வண்டியை அவர் அளக்கமாட்டார். தினமும் யார் ஏறுவார்களோ அவர்களை உட்கார வைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துத்தான் கடைசி நட்டை முறுக்குவார்.

"காத்தா போவப்போவுது? ஆளுதானே போவப்போறீங்க" என்பார்.

தென்னரசு ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான். ராயப்பன் இடது சக்கரத்தருகே குனிந்தார். நிமிர்ந்து, இடது ஜன்னலைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. தன்னிடம்தான் பேசுகிறார் என்று இவனும் தலையாட்டி வைத்தான்.

கிளம்பும்போது மாலை 5.20. நல்ல மழை. நேராகக் காணை தாண்டி மாமியார் வீட்டுக்குத்தான் போவது என்று முடிவு செய்திருந்தான்.

இடது ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஏற்றினான். சிறிது தூரம் போனதும் சாரல் அடித்தது. பார்த்தால், மறுபடி இறங்கியிருக்கிறது... இரண்டு வருடமாக மீன் கவிச்சி போகாத வண்டி. இப்போது அந்த வாடை இல்லை. வேறு ஏதோ வாடை. எங்கேயோ பழகியது. யோசித்துப் பார்த்தான்.

வசம்பு. குழந்தை பெற்ற வீட்டு வாடை.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் போன் அடித்தது. மணி 6.05.

"அண்ணே, ராயப்பன். ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நீங்க ஒத்தையில போறப்ப லெஃப்ட் சைடு ஒரு வெரலு தூக்கிகினு நிக்கும். பேஜாரா நெனைக்காதீங்க. அக்கா ஏறினா சமமாயிடும்."

"எந்த அக்கா?"

"இன்னாண்ணே கிண்டல் பண்றீங்க. பக்கத்துல உக்காந்திருந்தாங்களே! அவங்களையும் சேத்துதான் அளந்தேன். ஆளு பாக்க ஒல்லி, ஆனா வண்டி இன்னாமா எறங்குது! சோறு நல்லாத்தான் போடறீங்க."

சிரிப்போடு போன் நின்றது.

தென்னரசு வண்டியை ஓரம் கட்டினான். இறங்கினான். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு குனிந்தான். வலது பக்கம் விரலை விட்டான். நான்கு விரல். மழையில் நனைந்துகொண்டே சுற்றிப் போனான். ராயப்பன் சொன்னபடி இடது பக்கம் ஐந்து விரல் இருக்க வேண்டும்.

நான்கு.

அவன் இறங்கி நிற்கிறான். வண்டிக்குள் யாரும் இல்லை. ஒல்லியான ஒரு பெண்ணின் எடைக்கு அந்தப் பட்டை ஒரு விரல் இறங்காது. இயற்பியல் படித்தவனுக்கு அது தெரியும். அப்படியென்றால், உள்ளே இருப்பதன் கனம் என்ன?

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நெஞ்சுக்குள் பயத்துக்கு முன்னால் வேறொன்று வந்து நின்றது. பதினோரு மாதமாக ஒரு கனவில்கூட வராதவள். இப்போது வண்டி உசந்ததும் வந்துவிட்டாளா?

ஏறி உட்கார்ந்தான். இடது பக்கம் திரும்பவில்லை.

விழுப்புரம். காணை. கும்மிருட்டு. கரெண்ட் இல்லை.

ஓடையில் தண்ணீர் பாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஹெட்லைட்டில் செம்மண் நிறம். மணி 7.10. முதல் கியரில் இறக்கினான். பெரிய டயர்கள் தண்ணீரைக் கிழித்தன. சளக்... சளக்...

நடுப்பாலம்.

தோளில் ஏதோ சாய்ந்தது.

ஈரம். சட்டையைத் தாண்டி எலும்பு வரை ஏறிய ஈரம். போன வருடம் அவள் தலை இருந்த அதே இடம்.

மூச்சு விடாமல் ஓட்டினான். என்ஜின் நிற்கவில்லை.

அக்கரை.

ஹாரன் சத்தம் கேட்டு அஞ்சம்மாள் டார்ச்சோடு வாசலுக்கு வந்தாள். வழக்கமான ஏச்சு வாய் வரை வந்திருக்கும். டார்ச் வெளிச்சம் வண்டிக் கண்ணாடியில் பட்டது. அப்படியே நின்றாள்.

திரும்பி உள்ளே போனாள். குழந்தையோடு வந்தாள். கையை நீட்டிக்கொண்டு நின்ற தென்னரசுவைத் தாண்டி நடந்தாள். இடது கதவைத் திறந்து குழந்தையை உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

"விழுந்துடும் அத்தை."

"விழாது. ஓட்டு."

டார்ச்சை அணைத்தாள்.

திரும்பும் வழியெல்லாம் குழந்தை அழவில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியும் சரியவில்லை. அவன் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தான். காணை தாண்டி எதிரே ஒரு பஸ் வந்தது. அந்த வெளிச்சத்தில், ஒரே ஒரு நொடி...

ரோஜா இருக்கையில் உட்கார்ந்திருக்கவில்லை.

இருக்கைக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

ஒரு மடி உயரத்தில்.

வீடு வந்ததும் இறங்கி, சுற்றிப் போய், இடது கதவைத் திறந்தான். கண்ணை மூடிக்கொண்டு குழந்தையைத் தூக்கினான்.

வரவில்லை.

இழுத்தான்.

வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். வெடுக்கென்று வந்தது. அப்போதுதான் ரோஜா வீறிட்டு அழுதது. விடியும் வரை அழுதது.

அடுத்த வாரம் அஞ்சம்மாள் போன் செய்தாள். பிள்ளை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிறது என்றான். பதினோரு மாதம் தராத பிள்ளையை அன்றைக்கு மட்டும் ஏன் ஒரு வார்த்தை ஏசாமல் தன்னிடம் கொடுத்தாள் என்று அவன் கேட்டான்.

"ஒங்கிட்ட எங்க குடுத்தேன்?" என்றாள் அஞ்சம்மாள். "டார்ச்ச அடிச்சா, அவ உள்ள உக்காந்துகினு ரெண்டு கையையும் நீட்டறா. பெத்தவ வந்து கேட்டா இன்னா பண்றது? அவகிட்டதான் குடுத்தேன்."

தென்னரசு போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"வூட்டாண்ட எறங்கறப்ப... அவளாதானே ஒங்கைல குடுத்தா?"

பேசவில்லை.

"மாப்ள... புடுங்கிட்டியா?"