பூட்டிய பியானோவின் கடைசிச் சுரம்

இது நடந்த கதை. கட்டிவிட்ட கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். ஆனால் முல்லைத்தீவுக் கரையில் இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் ஒருவரும் இல்லை. நாளையும் நேரத்தையும் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த கிறேஸ் ரீச்சரே சொன்னாள். 1957 ஏப்ரல் பத்தொன்பது, பெரிய வெள்ளி. பேய் வர இருட்டு வேண்டும் என்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது.

கிறேஸின் புருஷன் மத்தேயு, கூட்டாளி யோசெப்புடன் திங்கட்கிழமை விடிய வள்ளத்தில் போனவன். திரும்பவில்லை. வியாழன் வரை தேடினார்கள். பெரிய வெள்ளியில் கடலில் இறங்கக் கூடாது என்பதால் தேடிய வள்ளங்களும் அன்று கரையில் ஏறிவிட்டன. கிறேஸுக்கு அழுகை வரவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டாள், கூப்பிட்டால் திரும்பினாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்று ஊர் கதைத்தது. ஊருக்கென்ன, வாய் இருந்தால் போதும். அவளுக்கு உள்ளே எல்லாம் விறைத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மணிக்குச் சனமெல்லாம் கோயிலுக்குப் போனது. அத்தனை பேரின் முகத்தையும் பார்க்க முடியாமல், கிறேஸ் பக்கத்திலிருந்த கன்னியர் மடத்துக்குள் போனாள். மண்டபத்தில் ஒரு பழைய பியானோ இருந்தது. அடுத்த மாதம் அவளுக்குச் சங்கீதப் பரீட்சை. பரீட்சையை யார் நினைத்தார்கள்? கைக்கு ஏதாவது ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஆனால் வாசிக்க முடியாது. பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால் சனி இரவு வரை மணியும் இல்லை, வாத்தியமும் இல்லை. மரக்கட்டை தட்டித்தான் சனத்தைக் கூப்பிடுவார்கள். மடத்துத் தலைவி மதர் பியானோவின் மூடியைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோயிருந்தார். கிறேஸ் அந்த மூடியின் மேலேயே விரல்களை வைத்தாள். சத்தமில்லாமல் பழகினால் யாருக்கு என்ன குற்றம்?

பாட்டு ஒரு நொக்டேர்ன். இராப் பாட்டு என்று அர்த்தம். இடது கை மணிக்கூடு மாதிரி நடக்கும். வலது கை ஆசைப்பட்ட இடத்தில் தாமதித்து, பிறகு ஓடிப் பிடிக்கும். அந்தத் தாமதத்துக்கு ருபாட்டோ என்று பேர். 'ஓரிடத்தில் எடுத்த நேரத்தை இன்னோரிடத்தில் கொடுத்துவிட வேண்டும்' என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். பின்னேரங்களில் அவளைக் கூட்டிப்போக வரும் மத்தேயு, கதவுநிலையில் தாளம் தட்டுவான். எப்போதும் ஒரு தட்டுப் பிந்தித்தான் தட்டுவான்.

"நேரத்துக்குத் தட்டத் தெரியாதே உங்களுக்கு?"

"நீ முன்னாலை போ. நான் பின்னாலை வந்து சேருவன்."

சுவர் மணிக்கூட்டில் 3.12. தொடங்கினாள். பலகையில் விரல் படும் டொக்... டொக்... மட்டும் கேட்டது.

மூன்றாவது வரியில் இடது சின்னவிரல் விழுந்தது.

டும்...

சத்தம் பியானோவுக்குள்ளிருந்து வந்தது. பூட்டைப் பார்த்தாள். பூட்டினபடி இருந்தது. காது ஏய்க்கிறது என்று மேலே வாசித்தாள்.

டும்...

அது பியானோவின் எந்தக் கட்டை என்று அவளுக்குத் தெரியும். உப்புக்காற்றில் கம்பி அறுந்து, இரண்டு வருடமாக ஊமையாகக் கிடந்த கட்டை.

விரல் விழும்போது அது கேட்கவில்லை. விழுந்து... ஒரு தட்டுப் பிந்திக் கேட்டது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை.

3.16. கடைசிச் சுரம். அதன் தலையில் ஒரு வளைவு, வளைவுக்குள் ஒரு புள்ளி. ஃபெர்மாட்டா. வாசிப்பவர் விரும்பும்வரை பிடித்திருக்கலாம் என்ற குறி.

சின்னவிரலை அழுத்தினாள்.

டும்ம்ம்...

பியானோவில் எந்தச் சுரமும் கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிடும்.

இது அடங்கவில்லை.

3.20.

3.31. விரல் கடுத்தது. விரலுக்குக் கீழே பலகை குளிர்ந்துகொண்டு வந்தது. எடுக்க மனம் வரவில்லை.

3.47. வாசலில் மத்தேயுவின் தாய் சூசையம்மா. கோயிலிலிருந்து ஓடிவந்து மூச்சு வாங்கினாள்.

"பெரிய வெள்ளியிலை வாத்தியமோ! சிலுவை முத்தி செய்யேக்கை கோயிலுக்கை கேக்குது. என்ரை பிள்ளை கடலிலை கிடக்கிறான். ஆண்டவரைக் கோவப்படுத்தாதை. கையை எடு!"

"மாமி... இது பூட்டிக் கிடக்குது..."

"எடு எண்டுறன்!"

எடுத்தாள்.

சத்தம் நின்றது.

சனி இரவு மதர் மூடியைத் திறந்து பார்த்தார். கம்பி அறுந்தபடியே கிடந்தது.

அன்றிலிருந்து இருபத்திரண்டாம் நாள் யோசெப் உயிரோடு வந்தான். சரக்குக் கப்பலொன்று அவனைக் கடலில் தூக்கி எடுத்துக் கல்கத்தாவில் இறக்கியிருந்தது. சூசையம்மாவின் முற்றத்தில் குந்தியிருந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"வெள்ளிக்கிழமை வெய்யில் சாயேக்கை மத்தேயு வள்ளப் பலகையிலை தட்டத் தொடங்கினான். 'கிறேஸ் வாசிக்கிறாள், கேக்குதே?' எண்டான். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. பேந்து தட்டேல்லை. கையைப் பலகையிலை ஊண்டினபடி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தான். கன நேரம்... திடீரெண்டு, ஆரோ பிடிச்சு எடுத்த மாதிரி அந்தக் கை மேலை எழும்பிச்சுது. அதோடை மூச்சு நிண்டிட்டுது."

சூசையம்மா மெல்லக் கேட்டாள்.

"கப்பல் எப்ப வந்தது?"

"அதுக்குப் பிறகு... ஒரு அரை மணித்தியாலம் இருக்கும்."

சூசையம்மா கிறேஸின் பக்கம் திரும்பவில்லை. கிறேஸ் மடியில் கிடந்த தன் இடது சின்னவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அழுகை வரவில்லை.